சொட்டு சாரின் ஏழு குப்பிகள்

அலர்ஜி ஆஸ்பத்திரியில் ஊசி என்று சொல்லி வெறும் தண்ணீரை ஏற்றுகிறார்களாம். அக்கா இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்ததுதான். சலூன்காரிக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டுக்கு வந்தவள், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக நின்றபடியே அதை வாசலிலேயே இறக்கி வைத்தாள்.

“ஏண்டா, நீ வேலை பாக்குற எடம்தானே அது? தண்ணி கலக்குறாங்களாமே?”

தம்பிக்கு வயது ஐம்பத்தேழு. கையில் நான்கு தட்டுகளோடு நின்றிருந்தார்.

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

“ஊருன்னா எத்தனை பேரு?”

அக்கா யோசித்தாள். “சலூன்ல ரெண்டு பேரு.”

“தண்ணி கலக்குறது நான்தான்கா,” என்றார் அவர், தட்டுகளை மேசையில் வைத்துக்கொண்டே. “இருபத்தொம்பது வருஷமா அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

அக்காவுக்கு இது ஒப்புதல் வாக்குமூலம் போலப் பட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவரைச் ‘சொட்டு சார்’ என்பார்கள். பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. பள்ளி முடித்ததும் ஒரு குளிர்பான ஆலையில் சேர்ந்து, ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று சில வருடங்கள் கலக்கியவர். அந்த இனிப்பு வாசனை தலையணை வரை ஏறியதும் வேலையை விட்டார். அலர்ஜி ஆஸ்பத்திரிக்குக் குப்பி கழுவத்தான் வந்தார். அளவுக் குழாயைக் குனிந்து பார்க்காமல் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதை ஒருநாள் பெரிய டாக்டர் கவனித்துவிட்டு, ஏன் அப்படி என்று கேட்டார்.

“மேலேருந்து பாத்தா கூடத் தெரியும், கீழேருந்து பாத்தா குறையத் தெரியும் டாக்டர்.”

அடுத்த வாரமே அவரைக் கலவை அறைக்கு மாற்றினார்கள்.

வேலை இதுதான். பூனையின் உடம்பிலிருந்து உதிர்வது, மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, மரங்களின் மகரந்தம் என்று மனிதர்களைத் தும்ம வைப்பவற்றின் சாறு கெட்டியாக வந்து சேரும். அது முதல் குப்பி. அதில் ஒரு பங்கை எடுத்து ஒன்பது பங்கு உப்புநீரில் சேர்த்தால் இரண்டாம் குப்பி. இரண்டாம் குப்பியில் ஒரு பங்கை எடுத்து மறுபடி ஒன்பது பங்கில் சேர்த்தால் மூன்றாம் குப்பி. இப்படியே போனால் ஏழாம் குப்பியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சாறு இருக்கும். ஏழையும் வரிசையாக வெளிச்சத்தில் வைத்தால் முதலாவது பழுப்பாகவும் இரண்டாவது மங்கலாகவும் தெரியும். மற்ற ஐந்தும் ஒரே மாதிரி பளிங்குத் தண்ணீர். எது எது என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது, அவராலும் முடியாது. லேபிள் சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

நோயாளி ஏழாம் குப்பியில் தொடங்குவார். உடம்பு எவனைக் கண்டால் எகிறிக் குதிக்கிறதோ அவனை முதலில் தெருமுனையில் நிறுத்திக் காட்டுவது, சில வாரம் கழித்து எதிர்வீட்டு வாசலில், அப்புறம் நம் வாசலில், கடைசியில் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது. இரண்டாம் குப்பி வரை வந்துவிட்டால் மாதத்துக்கு ஒரு ஊசி போதும்.

எதையும் குலுக்க மாட்டார். குலுக்கினால் நுரைத்துச் சாறு கெடும். இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பத்து முறை உருட்டுவார். வீட்டில் டீ டம்ளரையும் அப்படித்தான். மகள் சிறுமியாக இருந்தபோது பால் டம்ளரை அதே மாதிரி உருட்டி, சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டு, “அப்பா வேலை செய்றேன்,” என்று நின்றது அந்த வீட்டில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் கதை.

அன்று சாப்பாட்டு மேசையில் முதலில் அவருக்குப் பரிந்து வந்தவர் அக்காவின் கணவர். பெயிண்ட் அடிப்பவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு வீட்டின் நிறம் இருக்கும்.

“தண்ணி கலந்தா என்னவாம்? புதுச் சுவருக்கு மொதல் கோட்ல நான் தண்ணி சேப்பேன். சேக்கலேன்னா சுவரு பெயிண்டைக் குடிக்காது, மேலயே நிக்கும், அடுத்த வருஷம் அப்பளமா உரிஞ்சு வரும். மொதல் கோட்ல ஊத்துனா அது தொழில், கடைசிக் கோட்ல ஊத்துனா அது திருட்டு. என்ன மச்சான்?”

“நீங்க எந்தக் கோட்ல ஊத்துவீங்கன்னு எங்க சமையல்கட்டுச் சுவரைப் பாத்தாலே தெரியுது,” என்றாள் சொட்டு சாரின் மனைவி.

“அது நான் அடிக்கல தங்கச்சி, என் ஆளு அடிச்சான்.”

மனைவி, கம்பெனிகளின் பதிவு வேலைகளைச் செய்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தாள். அவளுக்கும் ‘நீர்த்துப்போவது’ என்ற சொல் புதிதல்ல. அவளிடம் வரும் கோப்புகளில் நீர்த்துப்போவது பங்குகள்.

“பெரிய டாக்டருக்கு நடந்ததும் அதானே. ஆஸ்பத்திரி மொத்தமும் நூறு பங்கா அன்னைக்கு அவர் கையில, இன்னைக்கும் அதே நூறு பங்கு. பணம் போட வெளியேருந்து வந்தவங்களுக்குப் புதுசா ஒரு தொள்ளாயிரம் போட்டாங்க. அவர்கிட்டேருந்து யாரும் ஒத்தப் பங்கைக்கூட எடுக்கல.”

“எடுக்கலேன்னா அப்புறம் என்ன குறை?” என்றாள் அக்கா.

“மொதல்ல அவர் இருமுனா கூட்டமே நிக்கும். இப்ப இருமுனா ஜன்னலைச் சாத்துறாங்க.”

பத்தில் ஒன்று, இரண்டாம் குப்பி என்று சொட்டு சார் மனதுக்குள் லேபிள் ஒட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். திரையில் பேத்தி வந்து, பள்ளியில் ஆமை வளர்ப்பதைப் பற்றி அந்த ஊர் மொழியில் ஒரே மூச்சில் என்னவோ சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அதில் இங்கிருந்தவர்களுக்கு முழுசாகப் புரிந்த சொல் ‘தாத்தா’ ஒன்றுதான்.

“இது எத்தனாவது பாட்டில் மச்சான்?” என்றார் பெயிண்ட்காரர்.

“மூணாவதுன்னு வையுங்க. ஆமை கொஞ்சம் புரிஞ்சுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அக்கா கிளம்பிப்போன பிறகு, தட்டுகளைக் கழுவும்போது கேட்டார்.

“அந்தப் பேச்சு எங்க மேனேஜர் காதுக்குப் போனா என்னாகும்?”

மனைவி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “என்ன ஆகும்? பாக்டரியில செஞ்ச பாட்டிலே வாங்கிக்கலாம்னு ஏற்கெனவே சொல்றாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அவங்களுக்கு ஒரு சாக்கு கெடைக்கும்.”

அவரை உறுத்தியது வேலை மட்டுமல்ல. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம்தான், அதை எப்படியும் ஓட்டிவிடலாம். ஐந்து குப்பிகள் ஒரே மாதிரி தெரிகிற வரிசையில், அவை ஒன்றல்ல என்பதற்கு இந்த ஊரில் இருந்த ஒரே சாட்சி அவருடைய கை. அந்தக் கையைத்தான் சலூனில் பேசியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மாலை நேராகச் சலூனுக்குப் போனார். ஆண்களுக்கு இரண்டு நாற்காலி, பெண்களுக்கு மூன்று. சலூன்காரி அவர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுத் தலையைச் சுற்றிப் பார்த்தாள்.

“எதைச் சார் வெட்டணும்? பத்துல ஒண்ணுதான் மிச்சம் இருக்கு.”

“அதைத்தான்.”

கத்தரி நான்கு முறை சத்தம் போட்டதும் விஷயத்துக்கு வந்தார். அலர்ஜி ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், எப்படி இருக்குமோ தெரியவில்லை என்று பொதுவாக ஒரு பேச்சைப் போட்டார்.

“அய்யோ, அங்க போகாதீங்க சார். தண்ணி மாதிரி இருக்காம். பூனையக்காவே சொன்னாங்க.”

“தண்ணி மாதிரின்னா சொன்னாங்க? தண்ணின்னு சொல்லலியா?”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

இரண்டும் ஒன்றல்ல என்று அவர் சொல்லவில்லை. அக்காவிடம் ‘தண்ணி’ என்று வந்து சேர்ந்தது, ஒரு வாய் பின்னால் போனால் ‘தண்ணி மாதிரி’ ஆகிவிட்டது. அவருடைய வரிசையில் கை மாற மாற வீரியம் குறையும், ஊர்ப்பேச்சில் வாய் மாற மாறக் கூடுகிறது. அப்படியென்றால் இன்னும் ஒரு குப்பி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

பூனையக்காவின் ஜெராக்ஸ் கடை சலூனிலிருந்து நான்கு கடை தள்ளி இருந்தது. ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருப்பாள். வீட்டில் ஆறு பூனைகள், கடையில் ஒன்று. கடைப்பூனை காகிதக் கட்டின்மேல் படுத்து, யார் வந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. பூனை வாடையில் மூச்சுத் திணறி இரண்டு முறை அவசர வார்டுக்குப் போயும், பூனைகளை விட முடியாது, ஊசியைப் போடுங்கள் என்று நின்றவள் என்று அவளுடைய கோப்பிலேயே எழுதியிருந்தது. கடைப் பலகையில் இருந்த அதே பெயருக்குக் குப்பி வரிசையை இரண்டு வருடமாகக் கலக்கிவந்தவர், ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

சட்டைப்பையில் கிடந்த ஒரு பழைய சான்றிதழ் நகலை நீட்டினார். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இது நகலோட நகல் சார். இதுலேருந்து எடுத்தா எழுத்து பேயாட்டம் வரும். ஒரிஜினல் கொண்டாங்க.”

“பரவால்ல, எடுங்க.”

இயந்திரம் முனகிக்கொண்டிருந்த நேரத்தில் பூனையைப் பற்றிக் கேட்டார். பூனையிலிருந்து ஊசிக்கு வர அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“சொன்னா நம்ப மாட்டீங்க. மொதல்லயெல்லாம் ஊசி போட்ட எடம் சாயங்காலம் வரைக்கும் கொட்டைப்பாக்கு மாதிரி வீங்கி நிக்கும். இப்ப ரெண்டு மாசமா தண்ணி போட்ட மாதிரி, ஒண்ணுமே தெரியல. கொசு கடிச்ச தடிப்புகூட இல்ல. நான் சலூன்லகூடச் சொன்னேன், எனக்குக் குணமாயிட்டு வருதுன்னு. பாவம் எந்தப் புண்ணியவான் கலக்குறானோ, நல்லா இருக்கட்டும்.”

புண்ணியவான் மங்கிய நகலைக் கையில் வாங்கிக்கொண்டார். தொடக்கத்தில் அது ஒரு வாழ்த்து. நாலு கடை தாண்டுவதற்குள் வசவாகிவிட்டிருந்தது.

“அடுத்த ஊசி எப்ப?”

“வியாழக்கிழமை பத்து மணிக்கு. போட்டு அரை மணி நேரம் அங்கயே உக்காரச் சொல்வாங்க. நான் பத்து நிமிஷத்துல நழுவிடுவேன். கடையை யாரு பாக்குறது, இவனா?” பூனை மற்றொரு கண்ணையும் திறந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது சந்தோஷப்பட வேண்டிய மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டு போனார். வீக்கம் நின்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அவள் உடம்பு பழகியிருக்கலாம், அல்லது குப்பி சோர்ந்திருக்கலாம். குளிர்பெட்டியில் வைத்தாலும் சாறு நாளாக ஆக வலுவிழக்கும், கொஞ்சம் கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அவளுடைய இரண்டாம் குப்பி ஆறு மாதக் கெடுவில் இன்னும் மூன்று வாரம் மிச்சம் வைத்திருந்தது. விதிப்படி அது செல்லும். அந்தக் குப்பிக்குள் இப்போது இருப்பது லேபிளில் இருப்பதுதானா? இருபத்தொன்பது வருடத்தில் அவர் தன்னையே இந்தக் கேள்வி கேட்டதில்லை. ‘தண்ணி போட்ட மாதிரி’ என்று அவள் வாயாலேயே கேட்டாயிற்று. அவள் வாழ்த்திச் சொன்னாலும் சொல் அதுதானே.

புதன்கிழமை காலை, முறை வராத அந்தக் குப்பியை அவராகவே புதிதாகக் கலக்கத் தீர்மானித்தார்.

புதுக் குப்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. சோர்ந்த குப்பிக்குப் பழகிய உடம்பில் புதிதை அதே அளவு ஏற்றினால் திடீரென்று தூக்கிப் போடும். அதனால் முதல் தடவை பாதி அளவுதான். முன்பு கலவை அறைக்கும் ஊசி அறைக்கும் நடுவே சுவரில் ஒரு சிறிய ஜன்னல் இருந்தது. குப்பியை அதில் வைத்துவிட்டு, “புதுசு!” என்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து சிஸ்டர், “புதுசு, பாதி!” என்பாள். அந்த ‘பாதி’ காதில் விழும்வரை குப்பியிலிருந்து விரலை எடுக்க மாட்டார். சிஸ்டர் இழுப்பாள், அவர் விடமாட்டார். “சொல்லித் தொலைச்சுட்டேன் சார், விடுங்க,” என்று பத்தொன்பது வருடம் அந்த ஜன்னலில் ஓர் இழுபறி நடந்தது.

வெளியேயிருந்து வந்தவர்கள் பங்குகளோடு கட்டடங்களையும் மாற்றினார்கள். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கலவை அறை போதும் என்று ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு அவரை அனுப்பினார்கள். வண்டியில் முக்கால் மணி நேரம். ஜன்னலுக்குப் பதிலாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் வந்தது, ‘புதிய குப்பி, பாதி அளவு’ என்று. கூடவே வாராவாரம் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பட்டியல் ஊசி அறைக்குப் போகும், முறை வந்த புதுக் குப்பிகளின் பெயரோடு. முறை வராத குப்பி அந்தப் பட்டியலில் இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் சிஸ்டர் மாறவில்லை. இடம் மாறிய முதல் மாதத்தில் ஏதோ கேட்பதற்காக அவர் ஊசி அறைக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கால் மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“ஊசி கையில இருந்தா எடுக்க மாட்டேன் சார். கட்டடம் தீப்பிடிச்சாலும் எடுக்க மாட்டேன். கவனம் ஒரு நொடி சிதறுனா அளவு தப்பிப்போகும்.”

“ரொம்ப நல்லது,” என்றார் அவர். உண்மையிலேயே மகிழ்ந்தார். அந்தக் கதையைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் குப்பியிலிருந்து ஒரு பங்கை எடுத்து, குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்து, ஒன்பது பங்கில் சேர்த்து, பத்து முறை உருட்டினார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உப்புநீர் என்பதால் குப்பி வெளியே வேர்த்திருந்தது. ஈரத்தில் ஸ்டிக்கர் ஒட்டாது. ஒட்டினாலும் வண்டியில் போகும்போது கழன்று விழும். அதனால் ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்து வேலைக் கோட்டின் இடது கையில் ஒட்டி வைத்துக்கொண்டு, குப்பியைத் துடைத்து உலரவிடுவது அவருடைய வழக்கம். உலர்ந்ததும் கையிலிருந்து குப்பிக்கு மாற்றுவார். அன்றும் ஒட்டி வைத்துக்கொண்டார். லேபிளில் அன்றைய தேதியைப் பொடி எழுத்தில் எழுதினார்.

அப்போதுதான் மேனேஜர் கோட்டும் சூட்டுமாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். குப்பிகளைத் தயாராகவே விற்கும் பாக்டரியிலிருந்து வந்தவர் அவர். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஓ, இங்கதான் தண்ணி ஊத்துறீங்களா?”

வேடிக்கைக்குச் சொன்னதுதான். வேறொரு நாளாக இருந்திருந்தால் சொட்டு சாரும் வேடிக்கையாக ஏதாவது சொல்லியிருப்பார். அன்று காது ஏற்கெனவே சூடாக இருந்தது.

“ஊத்துறது சார், அளவோட. அளவு தெரியாதவங்க ஊத்துனாத்தான் அது தண்ணி.”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். வந்தவர், “நான் சும்மா…” என்றார். இவர் நிறுத்தவில்லை. ஏழு குப்பிகளையும் மேசையில் எடுத்து வைத்தார். இதில் எது எது என்று உங்கள் பாக்டரி இயந்திரம் சொல்லுமா என்றார். இந்த ஒரு பங்கு போய்ச் சேரும் உடம்பு யாருடையது என்று அதற்குத் தெரியுமா என்றார். வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசிக்கொண்டிருக்கும்போதே கிளைகளுக்குப் பெட்டி எடுத்துப்போகும் வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று, “சார், லேட்டாவுது,” என்றார். பேச்சை விடாமலே உலர்ந்த குப்பியை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தார். பழையதை அழித்துவிடச் சொல்லிப் பெட்டிமேல் ஒரு வரி எழுதினார். அதையும் ஒழுங்காகவே எழுதினார்.

அன்று மாலை வேலைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது மனது லேசாக இருந்தது. இனி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, அந்தக் குப்பிக்குள் லேபிளில் இருப்பது ஒரு துளி குறையாமல் இருக்கிறது. வீட்டில் டீயைப் பத்து முறை உருட்டிக் குடித்தார்.

“என்ன, இன்னைக்கு முகம் தெளிவா இருக்கு?” என்றாள் மனைவி.

“கடைசிக் கோட்ல ஒரு சொட்டுத் தண்ணி சேக்கல,” என்றார். அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் அவர் மெனக்கெடவில்லை.

வியாழக்கிழமை காலை மேனேஜர் அறையில் ஒரு கூட்டம். நேற்றைய பேச்சைப் பற்றி அல்ல என்று தொடங்கி, நேற்றைய பேச்சைப் பற்றியே முக்கால் மணி நேரம் நடந்தது. அது முடிந்து கலவை அறைக்கு வந்து, ஆணியிலிருந்த கோட்டை எடுத்து இடது கையை நுழைத்தார்.

மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறம்.

‘புதிய குப்பி, பாதி அளவு.’

முதலில் அதை நேற்றைய மிச்சம் என்றுதான் நினைத்தார். ஸ்டிக்கர் சுருளை எடுத்து எண்ணைப் பார்த்தார். நேற்று உரித்தது ஒன்றே ஒன்று. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி இரண்டு நிமிடம்.

ஒரு கை கோட்டுக்குள்ளும் மறுகை வெளியேயுமாக மேசைப் போனை எடுத்தார். கிளையின் பொது எண்ணுக்குப் போட்டால், “வணக்கம், உங்கள் நலம் எங்கள் நலம், ஒன்றை அழுத்தவும்,” என்று ஒரு பெண் குரல். அழுத்தினார். அந்த அழைப்பு வந்து விழுந்த இடம் இதே கட்டடத்தின் நான்காவது மாடி.

“சொட்டு சாரா? கீழேருந்தா கூப்புடுறீங்க? என்ன சார்?”

“ஊசி ரூமுக்குப் போடும்மா. உடனே. வேற யாராவது ஓடிப்போய்ச் சொல்ல முடியுமா அங்க?”

“அங்க வரவேற்புல இப்ப ஆளே கெடையாது சார், எல்லாம் இங்கேருந்துதானே. ஊசி ரூம் லைன்தான் குடுக்க முடியும். குடுக்கட்டா?”

“குடு.”

சிஸ்டரின் கைபேசி பணி நேரம் முழுவதும் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், அதுவும் விதிதான். ஜெராக்ஸ் கடைக்குப் போட்டால் பூனைதான் இருக்கும். வாடகை வண்டி பிடித்தால் முக்கால் மணி. அவள் பத்து நிமிடத்தில் நழுவிவிடுவாள். ஊசி அறையில் வைத்து ஏதாவது ஆனால் சிஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கிறது. தெருவில் வைத்து ஆனால் எதுவும் இல்லை.

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஸ்டிக்கரை நகத்தால் கிளறினார். துணியில் ஓர் இரவு முழுக்க இருந்ததில் பசை ஏறிப்போய் முனை மட்டும் கிழிந்து வந்தது.

தேதியைப் பார்ப்பாள் என்று நினைத்தார். பத்தொன்பது வருடம் குப்பியை அவர் கையிலிருந்து பிடுங்கியவள், பொடி எழுத்தானாலும் அவருடைய எழுத்து அவளுக்குத் தெரியும். நேற்றைய தேதி என்றால் புதுசு என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் ஆரஞ்சு இல்லாத புதுசை அவள் இதுவரை பார்த்ததில்லை. பட்டியலிலும் இல்லை. பெட்டிமேல் எழுதிய வரியும், குப்பிகளை மாற்றி வைத்துவிட்டு வண்டிக்காரர் திருப்பி எடுத்துப்போன பெட்டியோடு போயிருக்கும். கொட்டைப்பாக்கு அளவு வீங்கிக்கொண்டிருந்த ஒருத்திக்கு இரண்டு மாதமாக ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குப்பி எவ்வளவு சோர்ந்திருந்தது என்பதைக் கருவி இல்லாமலே அளந்து சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் வாயிலிருந்தே கேட்டும், அதைத் தன்மேல் வந்த பழி என்று எடுத்துக்கொண்டு, சற்றும் சோராத ஒன்றை அனுப்பி வைத்திருக்கிறார்.

ரிசீவரில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆறு, ஏழு. தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தார். அழைத்தவுடன் எடுத்தால் அவள் கை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

பத்து முறை அடித்து இணைப்பு அறுந்தது. பொது எண்ணை விட்டுவிட்டு, ஊசி அறையின் எண்ணை இந்த முறை அவரே நேராக அழுத்தினார்.

“புதுசு,” என்றார் வெறும் அறையில், சத்தமாகவே. தலைக்கு மேலே மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஊரின் மறுகோடியில், ஜன்னல் இல்லாத அந்த அறையில், சுவரில் மாட்டிய போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.